கடலைக் கேளுங்கள்: மீசை வைத்த கன்னி

ஐயா, கடல் பசுவை நேரில் பார்த்திருக்கிறீர்களா? மாலுமிகள் கடற்கன்னி என்று நினைத்தது இதைத்தானாமே?
– வாசகி, மதுரை

நாங்கள் ஆவுளியா என்போம். நாற்பது வருடம் சங்கு குளித்ததில் மூன்றே தடவைதான் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு தடவை வெறும் முதுகுதான் தெரிந்தது, தூரத்தில்.

மூன்றாவது, பெரியபட்டினத்துக்குத் தெற்கே. மாசி மாதம், கடல் குளம் மாதிரி கிடந்தது. நாலு பாகத் தண்ணீர் (ஒரு பாகம் ஆறடி), கீழே தாழை, அதாவது கடல் புல் மண்டிய தரை. அந்தத் தாழைக்குள் ஒரு சாண் அகலத்தில், ஏர் ஓட்டிய சால் மாதிரி வளைந்து வளைந்து தடம். வேரோடு பிடுங்கித் தின்றிருந்தது. ஆவுளியா மேய்ந்த இடம் இப்படித்தான் இருக்கும் என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. மூச்சு வாங்க மேலே வந்தேன். பின்னால் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். வள்ளத்தில் இருந்த மச்சான்தான் வெற்றிலையைத் துப்புகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். ஒரு வள்ளத் துடுப்பு நீளத்துக்கு அப்பால் சாம்பல் நிற மூஞ்சி. அதன் உச்சியில் இரண்டு மூக்குத் துளை; நான் பார்க்கும்போதே மூடி போட்ட மாதிரி மூடிக்கொண்டன. தொங்கும் உதட்டில் முரட்டு முடி. கன்னியாவது! ஆனால் பால்காம்பு முன்துடுப்பின் கக்கத்தில் இருக்கிறது. மாலுமிகள் அதைப் பார்த்து மயங்கியிருக்கலாம். அது முங்கின இடத்தில் குட்டி ஒன்று தலையை நீட்டி, அதே ‘புஸ்’ஸை சின்னதாகச் சொல்லிவிட்டுப் போனது.

ஒன்றை மறைக்கக் கூடாது. நான் சிறுவனாக இருந்தபோது வலையில் சிக்கியதை அறுத்து வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். நானும் தின்றிருக்கிறேன். 1972 வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிற ஜீவன் அது என்று பிறகுதான் தெரியும். வயிற்றில் 13 மாதத்துக்கு மேல் சுமந்து, மூன்றிலிருந்து ஏழு வருடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டி போடும். செவுளும் கிடையாது, சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்தாக வேண்டும். வலை பிடித்துக்கொண்டால் மூச்சு முட்டித்தான் சாகும். இப்போது சிக்கினால் பையன்கள் வலையை அறுத்து விடுகிறார்கள். வலைக்காசு போனால் போகட்டும் என்று நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அரியமான் கடலில் குழந்தைகளை இறக்க பயமாக இருக்கிறது. திருக்கை குத்துமாமே?
– வாசகர், பரமக்குடி

தாராளமாக இறக்குங்கள். காலைத் தூக்கி வைக்காமல், மணலைத் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து நகர்ந்துவிடும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருங்கள், அரை மணிக்குக் குறையாமல். வலி அடங்கும். அப்புறம் ஆஸ்பத்திரி. முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்க வேண்டாம், அப்படியே கொண்டு போங்கள்.

எனக்கு ஒரு முறை நடுக்கடலில் பெருவிரலில் குத்திவிட்டது. வெந்நீருக்கு எங்கே போவது? மச்சான் பிளாஸ்கில் இருந்த கடுங்காப்பியைச் சட்டியில் ஊற்றி, கை வைத்துச் சூடு பார்த்து, என் காலை முக்கினார். கரை சேர்வதற்குள் உயிர் திரும்பியது. அன்றைக்குக் காப்பி போச்சே என்று இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.