கடலோரத்துப் பழைய ஹோட்டல்களைப் புதுப்பிக்கறப்ப ஏன் சிமெண்ட் பூச மாட்டேங்கறாங்க?

ரெஸ்டோரேஷன்னா புதுசா மாத்தறது இல்லீங்க, கட்டுனப்ப எந்தப் பொருள்ல எப்படி கட்டுனாங்களோ அதையே முடிஞ்சவரை காப்பாத்தி சரி பண்றது. கொழும்பு கால் ஃபேஸ் ஹோட்டல் 1864, மும்பை தாஜ் 1903, அந்தக் காலத்துக் கட்டடமெல்லாம் பெரும்பாலும் செங்கல்லு, கல்லு, சுண்ணாம்புக் காரைதான். (அமெரிக்காவுல 1888ல திறந்த ஹோட்டல் டெல் கொரொனாடோ மாதிரி மரத்துல கட்டுனதுக்கு வைத்தியமே வேற.)

கடல்காத்து ஈரத்தோட உப்பையும் செவுத்துக்குள்ள ஏத்தும். சுண்ணாம்புப் பூச்சுல பொடிப்பொடி ஓட்டை இருக்கறதால ஈரம் வெளிய வந்துரும், உப்பும் மேலயே பூத்துரும். சிமெண்ட் போட்டு அடைச்சுட்டா ஈரம் உள்ளயே நிக்கும், அந்த உப்பு செங்கல்லுக்குள்ள கட்டியாகி, பெருத்து, கல்லையே பொடியாக்கிரும்.

நம்மூரு போர் தண்ணி ஊத்தி வெச்ச மண்பானையப் பாருங்க, வெளிய வெள்ளையா உப்பு பூத்திருக்கும், ஆனா பானைக்கு ஒண்ணும் ஆகாது, அதே பானைக்கு வெளிய பெயிண்ட் அடிச்சுப் பாருங்க, கொஞ்ச நாள்ல கொப்புளமா உரிஞ்சு வரும்.

காங்கேயம் பக்கத்துல எங்க அப்புச்சி வீட்டுலயும் இதேதான், கடுக்காய்த் தண்ணி ஊத்தி அரைச்ச காரைச் செவுரு, அது மேல சிமெண்ட் பூசி மூணே வருஷம், தட்டுனா டொப்புடொப்புன்னு சத்தம், பேத்துப் பாத்தா செங்கல்லு மாவா கொட்டுச்சுங்க, மனசே ஆறல.

சுண்ணாம்பு தேயுது, அதனால பலமில்லைன்னு நெறையப் பேரு நினைக்கறாங்க, அது தப்புங்க, செவுத்துக்குப் பதிலா தான் தேயறதுதான் அந்தப் பூச்சோட வேலையே, பூச்சை மறுபடி பூசிக்கலாம்.