பொன்னுக்கு வீங்கி: குழந்தை மருத்துவரிடம் கேட்டவையும் அவர் சொன்னவையும்

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், பொன்னுக்கு வீங்கி குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருச்சியிலிருந்து ஒரு தாய்: என் ஆறு வயது மகனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாத் தடுப்பூசிகளையும் தேதி தவறாமல் போட்டோம். ஆனாலும் சென்ற மாதம் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. எங்கே தவறினோம்?

நீங்கள் எங்கும் தவறவில்லை, அம்மா. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்தவுடன் ஒரு முறையும், பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் மற்றொரு முறையும் போடப்படுவது எம்.ஆர். என்னும் ஊசி, அது தட்டம்மையையும் ருபெல்லாவையும் மட்டுமே தடுக்கும். 2017 பிப்ரவரியில் அந்த ஊசிக்கான பெரிய முகாம் தொடங்கியபோது முதலில் இறங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுப்பது எம்.எம்.ஆர். என்னும் ஊசி. பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல் என்பதால், அட்டையில் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருப்பதைக் காணும் பெற்றோர், இந்த நோய்க்கும் ஊசி போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைப்பதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

அரசு ஏன் இதைச் சேர்க்கவில்லை என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். தட்டம்மை குழந்தைகளைக் கொல்லும் நோய். ருபெல்லா கருவிலிருக்கும் சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கும் நோய். பொன்னுக்கு வீங்கியால் உயிரிழப்பு மிக அரிது. செலவுக்கு முன்னுரிமை வகுப்பவர்கள் அந்த வரிசையில் எண்ணியதில் நியாயம் உண்டு. ஆனால் 2023-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து கேரளத்தில் பல்லாயிரம் குழந்தைகளும், தமிழ்நாட்டில் பலரும் இந்நோயால் படுத்ததைக் கண்ட பிறகு, மூன்றாவது நோய்க்கான மருந்தும் அதே ஊசியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒன்பதாம் மாதத்திலும், பதினைந்தாம் மாதத்திலும், நான்கு முதல் ஆறு வயதுக்குள்ளும் எம்.எம்.ஆர். போடப் பரிந்துரைக்கிறது, இப்போதைக்கு அதைப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில்தான் பணம் கொடுத்துப் போட வேண்டியிருக்கிறது. உங்கள் மகனுக்கு நோயே வந்து போய்விட்டதால், இந்த வைரஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் வாழ்நாள் எதிர்ப்பாற்றல் இருக்கும். இளைய பிள்ளை இருந்தால் அதன் அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: கழுத்தில் நெறி கட்டினாலும் வீங்குகிறது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பொன்னுக்கு வீங்கியில் பெரும்பாலும் வீங்குவது காதுக்கு முன்னும் கீழுமாக இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி. குழந்தையை நேரே உட்காரவைத்துப் பின்புறமிருந்து பாருங்கள்: வீங்கிய பக்கத்துக் காது மடலின் நுனி சற்று மேலும் வெளியேயும் தள்ளப்பட்டிருக்கும். விரலால் தடவினால் தாடை எலும்பின் கோணம் கைக்கு அகப்படாமல் வீக்கத்துக்குள் மறைந்திருக்கும். நெறி கட்டியிருந்தால் வீக்கம் தாடைக்குக் கீழே தனியாக உருண்டு நிற்கும். தாடைக் கோணம் தெளிவாகத் தட்டுப்படும். வாயைத் திறக்கச் சொல்லி, மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தால், உமிழ்நீர் வரும் சிறு துளை சிவந்து தடித்திருப்பதையும் சில பிள்ளைகளிடம் காணலாம்.

வீக்கத்துக்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல், தலைவலி, உடல்வலி, பசியின்மை தோன்றுவதுண்டு. முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் வீங்குவது வழக்கம். எலுமிச்சை, புளி, ஊறுகாய் என எதைத் தொட்டாலும் உமிழ்நீர் சுரந்து, சுரப்பி இழுத்து வலிக்கும். ஆயினும் அழுத்தும்போது துளையிலிருந்து சீழ் வந்தாலோ, வீக்கத்தின்மேல் தோல் சிவந்து சூடாக இருந்தாலோ, அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருத்துவமே வேறு. தொண்டையில் சாம்பல் நிறப் படலத்துடன் கழுத்து முழுவதும் தடித்திருந்தால் தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கக்கூடும். ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பாட்டி: எங்கள் காலத்தில் நாமக்கட்டி குழைத்துப் பற்றுப் போட்டு, கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிடுவோம். ஒரு வாரத்தில் வடிந்துவிடும். அதைச் செய்யலாமா?

செய்யலாம், அம்மா. புண்ணில்லாத தோலின்மேல் குளிர்ச்சியான பற்று சற்று இதம் தரும். சங்கிலியால் கெடுதல் ஒன்றுமில்லை. எந்த வைத்தியமும் செய்யாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாட்களில் வீக்கம் தானே வடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து எங்களிடமும் இல்லை. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், மெல்ல வேண்டாத கஞ்சி, குழைந்த சோறு, நிறையத் தண்ணீர், ஓய்வு ஆகியவையே நாங்கள் தருவதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரக்கூடாது. நான் அஞ்சுவது பற்றை அல்ல. பற்றுப் போட்டாயிற்று என்ற நிம்மதியில் கடுந்தலைவலி, ஓயாத வாந்தி, கழுத்தைக் குனிய முடியாத விறைப்பு, வலிப்பு, மயக்கம் முதலிய அறிகுறிகளைக் கவனிக்காமல் விடுவதைத்தான். மூளை உறைக்கோ மூளைக்கோ நோய் எட்டியிருக்கிறது என்பதற்கு அவை அடையாளம். மேல்வயிறு கடுமையாக வலித்தால் கணையம் வீங்கியிருக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு இளைஞர்: எனக்கு வயது 24. கன்னம் வீங்கி ஐந்தாம் நாள் ஒரு விரை வீங்கிக் கடுமையாக வலிக்கிறது. இனிக் குழந்தை பிறக்காது என்கிறார்கள். உண்மையா?

அச்சத்தை முதலில் விடுங்கள், தம்பி. தடுப்பூசி போடாத, பருவம் எய்திய ஆண்களில் பத்தில் மூவர் வரைக்கும் இப்படி விரை வீங்குவதுண்டு. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே. வீங்கிய விரை பின்னர் ஓரளவு சுருங்கிப்போக வாய்ப்புண்டு, விந்தணுக்களின் எண்ணிக்கை சில காலம் குறையவும் கூடும். ஆனால் முழு மலடாவது அரிது. படுத்து ஓய்வெடுப்பதும், விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடையும், துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமும், வலி மாத்திரையும் போதுமானவை. எனினும் ஒரு மருத்துவர் உங்களை நேரில் பார்த்தே ஆக வேண்டும். விரை முறுக்கிக்கொண்டாலும் இதே வலிதான் இருக்கும். அதைச் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து சரிசெய்யாவிட்டால் விரையையே இழக்க நேரிடும். கூச்சத்தால் வீட்டிலேயே படுத்திருந்து, மூன்றாம் நாள் வந்து சேர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை: சாதாரண நோய்தானே, வந்து போகட்டும் என்று பலர் சொல்கிறார்களே?

இக்கேள்விக்கு ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்லித்தான் பதில் எழுத முடிகிறது. எட்டு வயதுப் பையன். பொன்னுக்கு வீங்கி வந்து, வடிந்து, பள்ளிக்கும் திரும்பிவிட்டான். இரண்டு வாரம் கழித்து வெளியூரிலிருந்த தந்தை தொலைபேசியில் அழைக்க, அவன் வலது காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "அப்பா பேசவே மாட்டேங்கிறார்" என்று அம்மாவிடம் நீட்டியிருக்கிறான். அம்மா வாங்கிக் கேட்டால் மறுமுனையில் அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். போனை இடது காதுக்கு மாற்றியதும் அவனுக்கும் கேட்டிருக்கிறது. பரிசோதித்தபோது வலது காதின் கேட்கும் திறன் முழுவதுமாகப் போயிருந்தது. அது திரும்பவே இல்லை.

உட்செவியை இந்த வைரஸ் தாக்குவதால் நேரும் இவ்விழப்பு பெரும்பாலும் ஒரு காதில் மட்டுமே ஏற்படுவதால், மற்றக் காதைக் கொண்டு பிள்ளை சமாளித்துக்கொள்கிறது, வீட்டாருக்குத் தெரிவதில்லை. இருபதாயிரத்தில் ஒருவருக்கே இது வரும் என்று பழைய பாடநூல்களில் படித்தோம். ஜப்பானில் நோயுற்ற குழந்தைகளின் கேட்கும் திறனைக் கவனமாகச் சோதித்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இவ்விழப்பு காணப்பட்டது. ஆகவே நோய் வடிந்த பிறகு, பிள்ளையின் ஒரு காதைப் பொத்தி மற்றக் காதில் மெல்லப் பேசிப் பாருங்கள். இரு பக்கமும் செய்யுங்கள். ஐயம் இருந்தால் அன்றே காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: என் விடுதித் தோழி இரண்டு தவணை எம்.எம்.ஆர். போட்டவள், அவளுக்கும் நோய் வந்தது. பிறகு ஊசியால் என்ன பயன்?

இரண்டு தவணை போட்டவர்களில் நூற்றுக்கு 86 முதல் 88 பேர் வரை காக்கப்படுகிறார்கள் என்பது பல ஆய்வுகளின் கணக்கு. ஒரு தவணையில் அது முக்கால் பங்கு அளவே. ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதுகாப்பு சற்றுத் தேய்வதும் உண்மை. ஒரே அறையில் நெருங்கி வாழ்ந்து தம்ளரையும் தட்டையும் பகிரும் விடுதிகளில் அந்தத் தேய்வு வெளிப்படும். 2006-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கல்லூரி மாணவர்களிடையே பரவியதும் இப்படித்தான். ஆனால் ஊசி போட்டவர்களுக்கு நோய் வந்தாலும் விரை வீக்கமும் மூளை உறை அழற்சியும் வெகுவாகக் குறைந்தே காணப்படுகின்றன.

இந்த ஊசியின் பிறப்பே ஒரு வீட்டுக்குள் நிகழ்ந்தது. 1963-இல் மாரிஸ் ஹில்லமன் என்னும் அமெரிக்க அறிவியலாளரின் மகள் ஜெரில் லின் நள்ளிரவில் கன்னம் வீங்கி எழுந்தபோது, அவர் அவள் தொண்டையில் பஞ்சால் தடவி எடுத்துச் சென்ற வைரஸையே கோழிக் கருவில் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்தார். 1967-இல் உரிமம் பெற்ற அந்த ஊசியின் வைரஸ் வகை இன்றும் அக்குழந்தையின் பெயரையே தாங்கியிருக்கிறது. 1968-இல் அமெரிக்காவில் 1,52,209 பேருக்கு நோய் பதிவானது. ஊசி பரவிய பிறகு அந்த எண்ணிக்கை நூற்றுக்கு 99-க்கு மேல் சரிந்தது.

சென்னையிலிருந்து ஒரு தந்தை: எம்.எம்.ஆர். போட்டால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

வராது. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. அக்கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்விலும் அத்தகைய தொடர்பு எதுவும் இல்லை. உண்மையில் நேர்ந்த தீங்கு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: உராபே என்னும் வைரஸ் வகையைக் கொண்ட ஊசியால் சிலருக்கு மூளை உறை அழற்சி ஏற்பட்டதால், பிரிட்டன் 1992-இல் அதைக் கைவிட்டது, ஜப்பான் 1993-இல் எம்.எம்.ஆர். ஊசியையே நிறுத்தியது. ஊசிகளைக் கண்காணிப்பவர்கள் தீங்கைக் கண்டால் மறைப்பதில்லை என்பதற்கு அதுவே சான்று. பொதுவாக எதிர்பார்க்க வேண்டியவை, போட்ட ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் வரக்கூடிய காய்ச்சலும் லேசான தடிப்பும்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தலைமையாசிரியர்: நோயுற்ற மாணவனை எத்தனை நாள் வீட்டில் வைக்க வேண்டும்?

வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாட்கள். ஆனால் வீக்கத்துக்கு இரண்டு நாள் முன்பே அவன் எச்சிலில் வைரஸ் இருந்திருக்கும். தொற்றியவருக்கு நோய் வெளிப்பட இரண்டு முதல் மூன்றரை வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை வகுப்பைக் கவனித்து வாருங்கள். தண்ணீரை அண்ணாந்து குடிக்கும் நம் பழைய வழக்கத்தைப் பிள்ளைகளுக்கு மறுபடி சொல்லிக் கொடுங்கள்.

விழுப்புரத்திலிருந்து ஒரு கர்ப்பிணி: மூத்த மகனுக்கு நோய் வந்திருக்கிறது. நான் இப்போது ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கூடாது, அம்மா. இது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களுக்கும் போடுவதில்லை. ருபெல்லாவைப் போல இந்நோய் சிசுவின் உறுப்புகளைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆயினும் மகனின் எச்சில் படாமல் பார்த்துக்கொண்டு, உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இதைத் தெரிவித்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின், பால் கொடுக்கும் நாட்களிலேயே ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பிள்ளைகளுக்கும் தனியாகப் போட வேண்டுமா?

வேண்டியதில்லை. நீங்கள் கூகைக்கட்டு என்று சொல்லும் இந்நோய்க்கான ஊசியை இலங்கை 2011-இலேயே தேசியத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் எம்.எம்.ஆர். இலவசமாகவே போடப்படுகிறது. இங்கே அதைச் சொல்லும்போது எனக்குச் சற்று ஏக்கமாகவே இருக்கிறது.

கரூரிலிருந்து ஒரு தாய்: வீடு மாறியதில் அட்டை தொலைந்துவிட்டது. மகளுக்கு ஒன்பது வயது. எது போட்டோம் என்று நினைவில்லை.

போட்ட இடத்தில் பதிவேடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் போடாததாகவே கொண்டு, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை எம்.எம்.ஆர். போட்டுவிடலாம். முன்பே தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் போட்டிருந்தாலும், மறுமுறை போடுவதால் கெடுதல் இல்லை. புதிய அட்டையில் ஊசியின் பெயரையும் தேதியையும் செவிலியரிடம் தெளிவாக எழுதச் சொல்லி, அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.