கார்டு முந்துமா, மென்பொருள் முந்துமா? – கேள்வி பதில்

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போனால் கார்டை மட்டும் பார்க்காதீர்கள், அதை வேலை வாங்கப்போகிற மென்பொருள் எந்த மாதம் வருகிறது என்றும் பாருங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை. தர்மபுரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். கடை வேலைக்கு நடுவில் எழுதியது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பாகலூர், ரோஜா பயிரிடுபவர்: நல்ல கார்டு என்றைக்கும் நல்ல கார்டுதானே தம்பி? தேதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அண்ணா, உங்கள் தொழிலிலேயே இதற்கு பதில் இருக்கிறது. பிப்ரவரி 14க்கு வெளிநாடு போகிற பூவுக்காக முன்கூட்டியே நாள் கணக்குப் போட்டுக் கவாத்து செய்கிறீர்கள். பத்து நாள் தள்ளிப் பூத்தாலும் பூ அதேதான், ஆனால் விலை?

இங்கே அந்தத் தேதியைக் குறிப்பது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட். கேம் எழுதுகிறவருக்கும் கார்டு செய்கிறவருக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தம் மாதிரிதான் அவர்களுடைய டைரக்ட்எக்ஸ். கார்டு என்னென்ன வேலை செய்தாக வேண்டும் என்பது அதில் இருக்கும். ஒரு சிப்பை வடிவமைக்க வருடக்கணக்கில் ஆகும் என்பதால், அந்த ஒப்பந்தம் எப்படி முடியும், எப்போது வரும் என்று ஊகித்துத்தான் கம்பெனிகள் வேலையைத் தொடங்குகின்றன. ஊகம் தப்பினால் பூ பிப்ரவரி 24க்கு மலரும்.

பர்கூர், இன்ஜினியரிங் மாணவர்: இன்விடியாவின் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் கார்டுகள் தோற்றதற்குத் தாமதம் மட்டும்தான் காரணமா சார்?

பதில்: இல்லை தம்பி, அது இரட்டை அடி. டைரக்ட்எக்ஸ் 9 வந்தது 2002 டிசம்பரில். இன்விடியாவின் போட்டிக் கம்பெனியான ஏடிஐ தன் ரேடியான் 9700 புரோவை அதற்கு நான்கு மாதம் முன்பே, ஆகஸ்ட்டிலேயே கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்விடியாவின் எஃப்எக்ஸ் 5800 நவம்பரில் அறிவிக்கப்பட்டாலும் கைக்குக் கிடைத்தது 2003இல். இது முதல் அடி. இரண்டாவதுதான் உங்கள் பாடத்துக்கு உதவும்: திரையின் ஒவ்வொரு புள்ளிக்குமான (பிக்சல்) கணக்கைக் குறைந்தது 24 பிட் துல்லியத்தில் போட வேண்டும் என்று டைரக்ட்எக்ஸ் 9 சொன்னது, ஏடிஐ சரியாக அந்த 24ஐ வைத்து சிப் செய்திருந்தது, இன்விடியாவிடம் இருந்ததோ 16ம் 32ம், ஆக 16 போதாமல் 32இல் ஓட வேண்டிய இடத்திலெல்லாம் வேலை கூடி கார்டு மூச்சு வாங்கியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே இனிமேல்தான். ஹாஃப்-லைஃப் 2 கேம் 2003 செப்டம்பர் 30 அன்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். எஃப்எக்ஸ் கார்டுகள் அதில் திணறுகின்றன, அவற்றுக்கென்று தனியாக எழுத வேண்டியிருக்கிறது என்று அதைச் செய்த வால்வ் நிறுவனமே அந்தச் செப்டம்பரில் வெளிப்படையாகச் சொன்னது. ஏடிஐ தன் புதுக் கார்டுகளோடு அந்த கேமுக்கான கூப்பனும் வைத்து விற்றது. அப்புறம் என்ன ஆனது? கேம் தள்ளிப்போனது, அதன் மூல நிரல் திருடுபோய் வெளியே கசிந்தது, கடைசியில் வந்து சேர்ந்தது 2004 நவம்பரில். அதற்குள் அந்த ஏப்ரலிலேயே இன்விடியா ஜீஃபோர்ஸ் 6800ஐ இறக்கிப் பழைய தவறைத் துடைத்துவிட்டது. போதாக்குறைக்கு ஆகஸ்ட்டில் டூம் 3 வந்தது. அது டைரக்ட்எக்ஸுக்கு மாற்றான ஓபன்ஜிஎல்லில் எழுதியது, அதில் இன்விடியா கார்டுகளின் கைதான் ஓங்கியிருந்தது. ஹாஃப்-லைஃப் 2 சொன்ன தேதிக்கு வந்திருந்தால் ஏடிஐக்கு ஒரு வருட அறுவடை, வராததால் பாதியோடு போயிற்று.

கிருஷ்ணகிரி, ஆசிரியர்: புது வின்டோஸ் வரும்போதும் இப்படி நடக்குமா?

பதில்: நடந்திருக்கிறது சார். டைரக்ட்எக்ஸ் 10ஐ சுமந்துகொண்டு வின்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தது 2007 ஜனவரியில். இன்விடியா ஜீஃபோர்ஸ் 8800 அதற்கு முந்தைய நவம்பரிலேயே தயார், ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டியின் ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டி மே மாதம்தான் வந்தது. அடுத்த முறை அப்படியே தலைகீழ். வின்டோஸ் 7ம் டைரக்ட்எக்ஸ் 11ம் 2009 அக்டோபரில், ரேடியான் 5870 ஒரு மாதம் முன்பே, ஜீஃபோர்ஸ் 480 அடுத்த மார்ச்சில். அதுவும் அடுப்பு மாதிரி சூடோடு.

பென்னாகரம், பெயர் வேண்டாம் என்றவர்: அப்படியானால் முந்தியவன் எப்போதும் ஜெயிப்பானா?

பதில்: ரொம்ப முந்தினாலும் சிக்கல்தான். ஒளி போகிற பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரைகிற ரே டிரேசிங்கைப் பெரிதாகச் சொல்லி இன்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 2080 விற்பனைக்கு வந்தது 2018 செப்டம்பர் 20. ஆனால் அதற்கு வேண்டிய வின்டோஸ் 10 அக்டோபர் அப்டேட், சிலருடைய கோப்புகளை அழித்துவிடுகிறது என்று நிறுத்தப்பட்டு நவம்பர் பாதியில்தான் திரும்ப வந்தது. ரே டிரேசிங்கோடு பேட்டில்ஃபீல்டு 5 கேம் ஓடியதும் அதற்கு அடுத்துதான். இரண்டு மாதம் அவ்வளவு விலை கொடுத்தவர்கள் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்த அவசரத்துக்குப் பின்னால் பலன் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏஎம்டி ரே டிரேசிங் கார்டோடு வந்தது 2020 நவம்பரில். டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077இல் அந்த வசதி ஏஎம்டி கார்டுகளுக்குத் திறந்ததோ 2021 மார்ச்சில்.

அரூர், மாணவி: காசு கொடுத்து கேமை வளைப்பார்களா அண்ணா?

பதில்: கூட்டு விளம்பரம், இலவச கேம் கூப்பன் எல்லாம் ஊரறிந்ததும்மா. அதற்கு மேல் ஆதாரம் இல்லாமல் நான் சொல்ல மாட்டேன்.

பாலக்கோடு, ஸ்டுடியோக்காரர்: முப்பரிமாணப் படம் செய்கிற பிளெண்டர் மென்பொருளைப் புதுப்பித்தேன், என் பழைய ரேடியானையே அது காட்டமாட்டேன் என்கிறது. கார்டு போச்சா?

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கும் அண்ணா, பயப்படாதீர்கள். 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0இல் சைக்கிள்ஸ் ரெண்டரிங்குக்கு (இறுதிப் படத்தைக் கணக்கிட்டு வரையும் பகுதி) ஏஎம்டி கார்டுகளை வேலை வாங்கிய ஓபன்சிஎல் என்ற வழியின் ஆதரவை எடுத்துவிட்டார்கள். ஏஎம்டிக்கு ஹிப் என்ற புது வழி வந்தது, ஆனால் அது புதிய தலைமுறை கார்டுகளுக்குத்தான். ஒரே வெளியீட்டில், எதுவும் கெட்டுப்போகாத கார்டுகள் ஓரம் கட்டப்பட்டன. இன்விடியாக்காரர்களுக்கு ‘கூடா’ (CUDA) என்ற சொந்த வழி இருந்ததால் இந்தத் தலைவலி இல்லை. நீங்கள் இப்போதைக்கு 2.93ஐ இறக்கி அதில் ரெண்டர் போடுங்கள். ஒன்று மட்டும், 3.0க்குப் பிறகு சேமித்த கோப்பைப் பழையதில் திறந்தால் சில விஷயங்கள் விட்டுப்போகலாம், பிரதி எடுத்து வையுங்கள்.

ஊத்தங்கரை, டிப்ளமோ முடித்தவர்: இன்டெல்லின் ஆர்க் கார்டு விலை குறைவாகக் கிடைக்கிறது. பழைய கேம்தான் விளையாடுவேன், வாங்கலாமா?

பதில்: ஆர்க் ஏ770 வந்தது 2022 அக்டோபரில், கார்டை இயக்குகிற மென்பொருளான டிரைவர் பாதி வெந்த நிலையில். டைரக்ட்எக்ஸ் 9 கேம்களை நேராக ஓட்டாமல் 12க்கு மொழிபெயர்த்து ஓட்டியதால், நீங்கள் சொல்கிற அதே பழைய கேம்களில்தான் தடுமாறியது. பிறகு வந்த டிரைவர்களில் நிறையவே தேறியது. ஆனால் முதல் வாரம் எழுதிய விமர்சனங்கள் தேறவில்லை, அப்படியே நின்றுவிட்டன. கார்டை விட உங்கள் மதர்போர்டுதான் எனக்குக் கவலை. பயாஸில் (போர்டின் தொடக்க அமைப்பில்) ரீசைசபிள் பார், அதாவது கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்ட விடுகிற வசதி இல்லாத பழைய போர்டில் ஆர்க்கைப் போட்டால் வேகம் நன்றாகவே அடிவாங்கும். போர்டில் அச்சடித்திருக்கும் மாடல் எண்ணைப் படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.