லைன் பிளாட்டில் காலி இடம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, பத்துப் பென்சில்களின் நீளத்தை லைன் பிளாட்டாக (எண்கோட்டில் அந்தந்த அளவுக்கு மேலே, பென்சிலுக்கு ஒன்றாகக் குறி போடும் படம்) வரையும் வீட்டுப்பாடம். அளவுகள்: 4¼, 4½, 4½, 4⅝, 4¾, 4¾, 4¾, 5, 5⅛, 5⅛ அங்குலம். இதில் வரும் ஆறு அளவுகளையும் சம இடைவெளியில் எழுதி வரைந்தாள். தவறு என்று திரும்பி வந்தது. மிக நீளமானதற்கும் மிகக் குட்டையானதற்கும் உள்ள வித்தியாசம் 1⅛ என்று எழுதியதும் தவறாம். எங்கே பிழை?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முதல் பிழை இடைவெளியில். 4¼-க்கும் 4½-க்கும் நடுவே 4⅜ இருக்கிறது. அந்த நீளத்தில் ஒரு பென்சில்கூட இல்லாவிட்டாலும் கோட்டில் அதற்கு இடம் விட்டே ஆக வேண்டும். 4⅞-க்கும் அப்படித்தான். இடத்தை விழுங்கிவிட்டால் அளவுகள் உண்மையில் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதே படத்தில் தெரியாது.

பின்னங்களின் பகுதிகள் 2, 4, 8. மீச்சிறு பொது மடங்கு 8. நம்மூர்த் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூல் என்பார்களே, அந்தக் கணக்கு இங்கே அப்படியே உதவும். ¼ என்பது 2 நூல், ½ என்பது 4, ¾ என்பது 6. வரையும் முன்பே எல்லா அளவுகளையும் நூலாக மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

கட்டம் போட்ட தாளில் ஒரு நூலுக்கு ஒரு கட்டம். 4-க்கும் 5-க்கும் இடையே ஏழு கோடுகள்தான் வரும். எட்டுப் பாகம் என்பதால் பிள்ளைகள் எட்டுக் கோடு போடுவார்கள். அது ஒன்பது பாகமாகிவிடும். பிறகு பென்சிலுக்கு ஒன்றாகப் பெருக்கல் குறிகளை மேலே அடுக்க வேண்டும். குறிகள் ஒரே அளவில் இல்லையென்றால் இரண்டு பெரிய குறிகள் மூன்று சின்னக் குறிகளைவிட உயரமாகத் தெரியும். முடித்ததும் எண்ணிப் பாருங்கள்: மொத்தம் பத்து இருக்க வேண்டும்.

இனி வித்தியாசம். ⅛-லிருந்து ¼-ஐக் கழிக்க முடியாததால், தலைகீழாக ¼-லிருந்து ⅛-ஐக் கழித்திருக்கிறாள். நூலில் இந்தச் சிக்கலே இல்லை: 5⅛ என்பது 41 நூல், 4¼ என்பது 34. வித்தியாசம் 7 நூல், அதாவது ⅞ அங்குலம். கோட்டிலேயே கட்டங்களை எண்ணிச் சரிபார்க்கலாம்.

மொத்த நீளம் கேட்டால் ஒவ்வொரு குறியையும் சேர்க்க வேண்டும். 4¾ மூன்று முறை வரும். விடை 379 நூல், 47⅜ அங்குலம். "4¾-ஐவிட நீளமானவை எத்தனை?" என்றால் விடை 3; 4¾-ஐயும் சேர்த்து 6 என்று எழுதக் கூடாது. "அதிகமாக வரும் நீளம் எது?" என்றால் விடை 4¾, குறிகளின் எண்ணிக்கையான 3 அல்ல.