மலையகப் பாடசாலையில் திட்டமிடலுக்கு எந்தச் செயலி உதவும்?

ஹற்றன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் புதிதாக நியமனம் பெற்றிருப்பதாகவும், ஆசிரியர்களும் மாணவர்களும் தமது வேலைகளைத் திட்டமிட்டு ஒழுங்காகச் செய்வதற்கு எந்தச் செயலிகளைப் பயன்படுத்தலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பத்தனை கல்வியியல் கல்லூரியில் பயிற்சி முடித்து, பதினொரு ஆண்டுகளாக மஸ்கெலியாப் பக்கம் கணிதம் கற்பித்து வருகிறேன். என் அனுபவத்தில் இங்கே நிலைத்தவை மூன்று: கூகுள் ஷீட்ஸ் என்ற அட்டவணைச் செயலியில் ஒரு தாள், வட்ஸ்அப்பில் ஒரு குழு, காரியாலயத்தில் ஓர் அச்சுப்பொறி.

ட்ரெல்லோ, நோஷன் என்ற திட்டமிடல் செயலிகள் இரண்டையும் ஒரு விடுமுறையில் உட்கார்ந்து பழகினேன். அவை நல்ல செயலிகள்தாம். ஆனால் ஆங்கிலத்திலேயே பழக வேண்டியிருந்தது. சிக்னல் வந்து வந்து போகும் ஆசிரியர் அறையில் அவற்றைத் திறந்து வைத்துக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இரண்டு வாரத்தில் நானே கைவிட்டேன்.

ஷீட்ஸ் தாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் வேலையை உண்மையில் மாற்றியது அதுதான். ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை பாடவேளை என்பதைத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி நூலே குறித்துத் தந்திருக்கிறது. அந்த எண்ணை ஒரு நிரலிலும், நான் உண்மையில் எடுத்துக்கொண்ட பாடவேளைகளை அடுத்த நிரலிலும், முடித்த திகதியை மூன்றாவதிலும் எழுதுகிறேன். தவணை முடிய எஞ்சியிருக்கும் பாடவேளைகளையும், கற்பிக்க எஞ்சியிருக்கும் பாடவேளைகளையும் தாள் தானாகவே கூட்டி அருகருகே காட்டுகிறது. திகதி வாரியாகத் திட்டமிட்டால், மழையில் ஒரு நாள் போனதும் அதற்குப் பின்வரும் திகதிகள் அனைத்தும் பிழையாகி, திட்டப் புத்தகத்தைப் பார்க்கவே மனம் வராமல் போய்விடும். பாடவேளைக் கணக்கில் திட்டமிட்டால் மீதி எவ்வளவு என்பது மட்டுமே மாறுகிறது. நாளுக்கு ஏழெட்டுப் பாடவேளைகள். ஆகவே ஒரு மழை நாள் என்பது பாடசாலை முழுவதற்கும் எவ்வளவு இழப்பு என்பதை இந்தத் தாள் இல்லாத காலத்தில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

மூன்று ஆண்டுத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தென்மேல் பருவப் பெயர்ச்சி மழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் கொட்டுவதால், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கத்தில் வரவு குறைவது அந்த மாதங்களில்தான். கல்வியாண்டு வழமையான ஒழுங்கில் நடந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் தவணை. பதுளைப் பக்கத்தில் கற்பிக்கும் நண்பர் ஒருவருக்கோ வடகீழ்ப் பருவ மழை விழும் டிசம்பர், ஜனவரியில்தான் பிள்ளைகள் குறைகிறார்கள். ஆகவே மாதிரித் தவணைத் திட்டம் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பேன். கடினமான அலகுகளை நான் முதலாம் தவணைக்கு இழுத்துக்கொள்கிறேன். என் நண்பர் அவற்றை இரண்டாம் தவணைக்குத் தள்ளிவைக்கிறார்.

கூகுள் நாட்காட்டியில் இலங்கை விடுமுறைகளைச் சேர்த்துக்கொண்டால் போயா தினங்கள் தாமாகவே வந்துவிடும். தோட்டக் கோயில் திருவிழா வராது. எங்கள் பாடசாலைக்கு நான்கு தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். நான்கு திருவிழாக்களும் நான்கு வேறு வாரங்களில் நடக்கும், ஒவ்வொன்றிலும் வகுப்பில் ஒரு பகுதி காலியாகும். தோட்டத் தலைவர்மாரிடம் முன்கூட்டியே கேட்டு அத்திகதிகளை நாட்காட்டியில் போட்டுவிட்டால், புதிய அலகைத் தொடங்கும் நாளும் பரீட்சை நாளும் அவற்றின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வட்ஸ்அப்பில் நாங்கள் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தவணைப் பரீட்சையின் நேரசூசி இரண்டு முறை மாறியது. மூன்று வடிவங்களும் புகைப்படமாகக் குழுவில் கிடந்தன. எது கடைசி என்று யாருக்கும் தெரியவில்லை. கணித வினாத்தாளைப் பிரித்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனால், பாதிப் பிள்ளைகள் வரலாறு படித்துவிட்டு வந்திருந்தார்கள். அன்றிலிருந்து குழுவில் செய்தி அனுப்பும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் வைத்தோம். அடுத்து வரும் நான்கு திகதிகளைக் குழுவின் விவரணப் பகுதியில் எழுத்திலேயே போடுகிறோம். மாறினால் அதே இடத்தில் திருத்துகிறோம். படத்தைத் தரவிறக்க டேட்டா இல்லாதவருக்கும் அது தெரியும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான். பிறகு கூடியிருந்தாலும், தோட்டச் சம்பளத்தில் ரீலோட் செய்யும் வீட்டுக்கு வாழ்த்துப் படங்களும் காலை வணக்கங்களும் நிறைந்த குழு ஒரு செலவு.

செய்தி போடும் நேரமும் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் கைத்தொலைபேசி ஒன்றுதான். அது அம்மாவோடு மலைக்குப் போய், கொழுந்து எடை போட்டு முடிந்து, மாலையில்தான் லயம் என்னும் தோட்ட வரிசை வீட்டுக்குத் திரும்புகிறது. அப்பா கொழும்பில் வேலை செய்தால் சில வீடுகளில் அதுவும் இல்லை. காலை பத்து மணிக்கு நாம் போடும் அறிவித்தல் அதற்குப் பின் வந்தவற்றின் அடியில் புதைந்துவிடும். இரவு ஏழு மணிக்குப் போட்டால் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து பார்ப்பார்கள். வீட்டில் பாட்டி மட்டுமே இருக்கும் பிள்ளைகளுக்காக அதே அறிவித்தலை ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் குரல் பதிவாகவும் போடுகிறோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது சூம் வகுப்பு நடத்திப் பார்த்தேன். 34 பேரில் 9 பேர் வந்தார்கள். (இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்று எல்லோரும் குறைப்பட்டார்கள், அப்போது எங்கள் பாடவேளையும் 40 நிமிடம் என்பதால் அதில் மட்டும் பொருத்தம் சரியாக இருந்தது.) குரல் பதிவுக்கு வந்த பதில்கள் அதைவிட மும்மடங்கு.

மாணவர்களுக்கென்று தனியாக ஒரு செயலியை நான் பரிந்துரைப்பதில்லை. தனக்கென்று கைத்தொலைபேசி இல்லாத பிள்ளையிடம் செயலியில் திட்டமிடச் சொல்வது பொருந்தாது. சாதாரண தர வகுப்பில் ஒவ்வொருவரும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வாரத் திட்டம் ஒன்றை வரைந்து, வீட்டுச் சுவரில் அதன் பிரதியை ஒட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை நான் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளி ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கைத்தொலைபேசியின் பங்கு அலாரம் மட்டும்: லயத்தில் சத்தம் அடங்கியிருக்கும் விடியற்காலை நான்கரை மணிக்கு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து தமிழ்ப் பாடநூல்களை இலவசமாகத் தரவிறக்கலாம். கல்வி அமைச்சின் கற்றல் தளமான ஈ-தக்சலாவவிலும் பாடப் பொருள்கள் உள்ளன. வைஃபை உள்ள இடத்தில் ஒரு முறை இறக்கி, குயிக் ஷேர் மூலமோ மெமரி கார்ட் மூலமோ கைமாற்றினால் பிள்ளைகளுக்கு டேட்டா செலவே இல்லை.

புதியவர் என்பதால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைப் பற்றியும் எச்சரிக்கிறேன். பழைய வினாத்தாள்கள், இடாப்புகள், திட்டங்கள் பலவும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும்; தேடவும் முடியாது, வரிசைப்படுத்தவும் முடியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளால் யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டுத் தாளில் சேருங்கள். மாற்றியபின் பெயர்களை ஒரு தடவை கண்ணால் பார்க்கவும். சில எழுத்துகள் இடம்மாறி வருவதுண்டு.

சாட்ஜிபிடியிடம் பாடக் குறிப்பு கேட்கும் இளம் ஆசிரியர்கள் இப்போது இருக்கிறார்கள். நான் தடுப்பதில்லை. ஆனால் எனக்கு அது தந்த தமிழில் ‘கணம்’ (set), ‘அணி’ (matrix) என்று தமிழ்நாட்டுச் சொற்கள் வந்தன. எங்கள் வினாத்தாளில் அவை ‘தொடை’, ‘தாயம்’. குறிப்பை அப்படியே கரும்பலகையில் எழுதினால் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் திகைப்பான்.

கடைசியாக அச்சுப்பொறி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, இணைய முகிலில் (cloud) பத்திரமாக இருந்த எங்கள் திட்டங்களைத் திறக்க வழியில்லாமல் இருந்தோம். அதற்குப் பின் ஒவ்வொரு வெள்ளியும் அடுத்த வாரத் தாளை ஏ4 அளவில் அச்சிட்டு ஆசிரியர் அறைக் கதவில் ஒட்டுகிறோம். வாரத்தில் நேரும் மாற்றங்களை யாராயினும் சிவப்புப் பேனாவால் அதிலேயே எழுதுவார்கள். அடுத்த வெள்ளி அந்தச் சிவப்பு எழுத்துகளைத் தாளில் ஏற்றுவது என் பொறுப்பு. உங்கள் பாடசாலையில் அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதை அதிபரோடு பேசி முடிவு செய்துவிட்டுத் தாளைத் தொடங்குங்கள்.