தட்டு, டம்ளர் வழியாகப் பரவுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்து முடித்து நான்கு மாதம் ஆகிறது. மாமியார் எனக்குத் தனித் தட்டு, டம்ளர் ஒதுக்கிவிட்டார். கணவர் ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறார். என் உடம்பிலிருந்து அவருக்கு ஏதாவது பரவுமா?
– வாசகி, காங்கேயம்

பதில்: அம்மிணி, முதலில் அந்தத் தட்டை எடுத்து மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்குங்கள். புற்றுநோய் எச்சிலில் ஒட்டாது, துணியில் ஒட்டாது, பக்கத்தில் படுத்தாலும் ஒட்டாது. கரண்டும் அப்படித்தான். வெளியிலிருந்து வைப்பது மெஷினை நிறுத்தியதுமே தீர்ந்துபோகும். உள்ளே குழாய் வைத்துக் கொடுத்திருந்தாலும் உங்களிடம் இப்போது மிச்சம் எதுவும் இல்லை.

‘இது எப்படி வந்தது?’ என்ற முணுமுணுப்பும் வீட்டில் இருக்கும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் நர்ஸாக இருந்த காலத்தில் அது கேட்காத வீடு குறைவு. காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்தியத்தில் தொற்றுவதுதான், பெரும்பாலானவர்களுக்கு வந்து தானாகவே போயும்விடும். சிலருக்குத் தங்கிவிட்டால் புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருஷம் ஆகும். யார் வழியாக வந்தது என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது. அதற்குப் பஞ்சாயத்து வைப்பது வீண்.

சரி, கணவர் விஷயம். கரண்ட் வைத்த பிறகு பிறப்புறுப்புப் பாதை வறண்டு, சுருங்கி, ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க டைலேட்டர் என்ற வழவழப்பான குழல் இருக்கிறது. ஜெல் தடவி, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து பத்து நிமிஷம் மெதுவாக உள்ளே வைத்திருக்க வேண்டும். டாக்டர் பரிசோதித்துச் சரி என்ற பிறகுதான் தொடங்கணும். தாம்பத்தியம் வேண்டாம் என்பவருக்கும் இது தேவை. வழி மூடிக்கொண்டால் டாக்டரால் உள்ளே பார்க்க முடியாது. லேசாக ரத்தம் பட்டால் பயப்படாதீர்கள். அதிகமாகப் போனாலோ, நாற்றத்தோடு வெள்ளை பட்டாலோ, காலில் வீக்கம் தெரிந்தாலோ உடனே காட்டுங்கள்.

அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். ‘இவர் பக்கத்தில் வரலாமா?’ என்று அவர் முன்னாலேயே டாக்டரிடம் கேளுங்கள். நீங்கள் பத்து தடவை சொல்வதைவிட அது காதில் ஏறும். அப்புறம், வீட்டில் 30 தாண்டிய பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். இதற்கான பரிசோதனை அங்கே இலவசம்.