மலையக வைத்தியசாலையிலிருந்து சர்வதேச சத்திரசிகிச்சை ஆய்வுகளில் இணைய முடியுமா?

மலையக வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சை விடுதியில் பணியாற்றும் இளம் வைத்தியர், எவருடைய பரிந்துரையும் இன்றி வெளிநாட்டு ஆய்வுக் குழுக்களுடன் இணைய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நுவரெலியா மாவட்டத்தில் பணியாற்றிய காலத்தில் நானும் இணைந்தேன். ஆனால் முதல் ஒரு வருடத்தை அறிமுகமில்லாத பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதியே கழித்துவிட்டேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. அவர்களிடம் காட்ட என் கையில் ஆர்வத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

பல நாட்டு வைத்தியர்கள் சேர்ந்து சத்திரசிகிச்சை ஆய்வுகளை நடத்தும் குளோபல்சேர்ஜ் (GlobalSurg) போன்ற கூட்டமைப்புகளின் வழி வேறு. இரைப்பை, குடல் சத்திரசிகிச்சைக்குப் பின் காயத்தில் ஏற்படும் கிருமித்தொற்றைப் பற்றி அவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 66 நாடுகளின் 343 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 12,539 நோயாளர்கள் இடம்பெற்றனர். ஒவ்வொரு வைத்தியசாலையிலும் சிறு குழுவொன்று, தான் தெரிவுசெய்த இரண்டு வாரங்களுக்குள் வந்த தகுதியான நோயாளர் ஒருவரையும் விடாமல் பதிவுசெய்து, பெயர் நீக்கிய தரவுகளை இணையவழிப் பதிவேட்டில் ஏற்றியதாலேயே இது கைகூடியது. எழுதியவர் வரிசையில் நீங்கள் முதலாவதாக வரமாட்டீர்கள். நூற்றுக்கணக்கான கூட்டாளர்களுள் ஒருவராகவே உங்கள் பெயர் இருக்கும். அதில் மனக்குறை உள்ளவர் இப்பக்கம் வராதிருப்பதே நல்லது.

நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். நான் தாமதித்ததால், அனுமதிக் கடிதம் வந்தபோது ஓர் ஆய்வின் தரவு சேகரிப்புக் காலமே முடிந்திருந்தது.

உண்மையான சிரமம் சத்திரசிகிச்சைக்குப் பின் முப்பதாம் நாளில்தான். காயம் ஆறியதா என்று அன்று விசாரிக்க வேண்டும். தோட்டத்திலிருந்து வந்தவர் தரும் தொலைபேசி இலக்கம் பெரும்பாலும் கொழும்பில் கடையில் நிற்கும் மகனுடையதாக இருக்கும். அவர் அம்மாவைப் பார்த்தே மூன்று மாதம் ஆகியிருக்கும். கிளினிக்குக்கு வரச்சொன்னால் ஒரு நாள் சம்பளம் போகும். ஆகவே, வீட்டுக்கு அனுப்பும்போதே பக்கத்து லயத்தில் உள்ளவரின் இலக்கத்தையும், நோயாளரின் சம்மதத்துடன், குறித்துக்கொள்ளத் தொடங்கினோம்.

சம்மதப் படிவத்தின் தமிழையும் பாருங்கள். எங்கள் முதற்படிவத்தில் 'பரிசோதனை ஆய்வு' என்றிருந்தது. கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "என்னைய வச்சு சோதன பண்ணிப் பாக்கப் போறீங்களாங்க ஐயா?" என்றார். அன்றிரவே, "உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது, காயம் எப்படி ஆறுகிறது என்பதை மட்டும் எழுதி வைப்போம்" என்று திருத்தி, மறுபடியும் குழுவின் அனுமதிக்கு அனுப்பினோம்.